கதிரை கொடுத்தால் பேசலாம்

ஒன்பது மாதத்தில் என் மகன் ஆறு நேர்முகப் பரீட்சைகளுக்குப் போய் வந்தான். கணிதத்தில் சிறப்புப் பட்டம் பெற்றவன். ஆறு இடத்திலும் அவனை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அந்த மௌனத்துக்குப் பின்னால் யாரோ ஓர் ஆள் இருக்கிறார் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அந்த ஆளைத் தேடவும் தொடங்கினேன்.

சுனாமியும் முடிந்து சமாதானமும் முடிந்து சண்டை திரும்பி வந்திருந்த காலம் அது. எங்கள் வீடு ஆரையம்பதியில். வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரையில், இராணுவம். அந்தப் பக்கம், படுவான்கரையில், இயக்கம். இரண்டுக்கும் நடுவில், யாருடைய ஆட்கள் என்று சொல்ல முடியாத ஆயுதக்காரர்கள் வான் வண்டிகளில் திரிந்தார்கள். அதே வீதிகளில்தான் தொண்டு நிறுவனங்களின் பெயர்ப்பலகைகளும் வரிசையாக நின்றன. படித்த பிள்ளைகளுக்கு வேலை என்றால் அந்தப் பலகைகளுக்குப் பின்னால்தான் இருந்தது. விண்ணப்பத்தோடு படமும் அடையாள அட்டைப் பிரதியும் வீட்டு விலாசமும் கேட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் இளம் பிள்ளையின் படத்தையும் விலாசத்தையும் கொடுப்பது எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் கொடுத்தோம். ஆறு தரம் கொடுத்தோம்.

மகன் மற்றப் பிள்ளைகளைப் போன்றவன் அல்ல. முகத்தைப் பார்த்துப் பேசமாட்டான். பஸ் ஹோர்ன் அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்பான். ஒரு விஷயத்தை ஒரு தரம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் சாகும்வரை மறக்கமாட்டான். அவனுக்கு இருபத்தொரு வயதில் கொழும்பில் ஒரு டொக்டர் ஒரு மணித்தியாலம் அவனோடு இருந்துவிட்டு, இதற்குப் பெயர் ஓட்டிசம் என்றார். நோயில்லை, பிறவியிலேயே மூளை அப்படி அமைந்திருக்கிறது என்றார். ஒரு கடிதமும் தந்தார். நான் அதை அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்தேன். கத்தாரில் லொறி ஓட்டும் கணவருக்கு மட்டும் டெலிபோனில் சொன்னேன். ஊருக்குச் சொல்லவில்லை. மகனுக்கும் சொல்லவில்லை. இளம் ஆண்பிள்ளையைப் பற்றி எழுதப்பட்ட எந்தக் கடதாசியும் அந்தக் காலத்தில் யாருக்கு எதற்குப் பயன்படும் என்று தெரியாது. ஊர் அவனை 'ஒரு மாதிரியான பொடியன்' என்றது. அதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

என் சந்தேகம் பக்கத்து வீட்டில் போய் நின்றது. அங்கே இருப்பவள் என் கணவரின் தங்கை, எனக்கு மச்சாள். என் மகன் தோற்ற இரண்டாவது இடத்தில் அவளுடைய மகளுக்கு வேலை கிடைத்தது. கிடைப்பதற்கு முந்திய வாரம் அந்த நிறுவனத்து வாகனம் அவள் வாசலில் கால் மணித்தியாலம் நின்றதை நான் கிணற்றடியில் இருந்து பார்த்தேன். மகனுக்கு வந்த ஒரு கடித உறையின் ஓரத்தில் இரண்டாம் தரம் பசை பூசிய மாதிரி இருந்தது. நான் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர். ஒரு கோப்பு ஏன் மேசையில் இருந்து மேசைக்குப் போகாமல் நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். பெயர் போடாத மொட்டைக் கடிதம் ஒன்று வந்தால் போதும்.

எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் வேலியில் ஒரு கடப்பு இருந்தது. அந்த இடைவெளியால்தான் கறியும் சீனியும் பிள்ளைகளும் போய்வருவது. ஒரு சனிக்கிழமை தென்னங்கிடுகு கொண்டுவந்து அதை அடைத்தேன். மச்சாள் அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"என்னகா மச்சாள், கடப்ப அடைக்கிற?"

"ஆடு வருது."

"ஆருட ஆடு? நம்மட ரெண்டு வீட்டிலயும் ஆடில்லியே."

"வரும்."

அவள் நான் கட்டிய முடிச்சை இழுத்துப் பார்த்தாள். "வாற ஆட்டுக்கு இந்தக் கட்டுக் காணாது. இன்னும் ரெண்டு முடிச்சுப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை கணவர் கதைத்தபோது அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நீ பொலிசில சேர்ந்திருக்க வேணும். உன்ன விட்டுட்டாங்க."

"உங்கட தங்கச்சிய விட்டுக்குடுக்கமாட்டீங்க."

"அவளுக்குக் கூப்பன் கடைக்குத் துண்டெழுதவே ஏலா. மொட்டைக் கடிதமா எழுதப்போறாள்?"

"மகள் எழுதியிருப்பாள்."

காசு முடிந்து டெலிபோன் அறுந்ததா, அவரே வைத்தாரா என்று தெரியவில்லை. அதையும் சந்தேகப்பட்டேன்.

பிறகு ஒரு நாள் வேறொரு திணைக்களத்தில் வேலை செய்யும் பெண் ஒருவர் கோப்பு எடுக்க என் மேசைக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது குறைந்தவர், பழக்கமானவர். என் மகனின் ஆறாவது நேர்முகப் பரீட்சையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூவரில் அவரும் ஒருவர் என்பது எனக்கு அதுவரை தெரியாது. கோப்பை எடுத்த பிறகும் அவர் போகவில்லை.

"அக்கா, ஒண்டு கேக்கலாமா? கோவிக்கக் கூடா."

"கேளுங்க."

"உங்கட மகன் படுவான்கரைப் பக்கம் கொஞ்சக் காலம் ஏதும் நிண்டவரா?"

"ஏன் கேக்கிறீங்க?"

"இல்ல, கணக்குக் கேட்டா வாய் மூடுமுன்ன சொல்றார். நல்ல மூளை. ஆனா வீடு எங்க எண்டு கேட்டா தெரியாது எண்டார். வீட்டில ஆரார் எண்டு கேட்டா, தெரியாது. கம்பசில ஆரோட ஒரு அறையில இருந்த எண்டு கேட்டா, தெரியாது. தலை நிமிரவே இல்ல, எங்கட கால்களத்தான் பாத்தவர். விலாசம் விண்ணப்பத்தில கிடக்கு, ஆனா கேட்டாச் சொல்றாரில்ல. நாங்க மூண்டு பேரும் பயந்துட்டம் அக்கா. இந்தக் காலத்தில இப்படி ஒராள் ஆருட ஆளோ எண்டு…"

அவர் போன பிறகு ஒரே கடதாசியை மூன்று தரம் தட்டச்சு செய்தேன்.

அந்தத் 'தெரியாது' என்னுடையது. மகனுக்குப் பதினான்கு வயதில் நான் சொல்லிக்கொடுத்தது. சென்றியில், இராணுவச் சோதனைச் சாவடியில், மறிக்கும்போது எப்படி நிற்கவேண்டும் என்று மற்றத் தாய்மார் ஒரு தரம் சொல்லிவிட்டு விடுவார்கள். மற்றப் பிள்ளைகள் துவக்கு வைத்திருப்பவனின் முகத்தைப் பார்த்து, கோபமா, வெயில் களைப்பா என்று கணித்து, அதற்கேற்றபடி பேசிக்கொள்வார்கள். இவனால் அது முடியாது. அதனால் நான் சட்டம் போட்டுக் கொடுத்தேன். ஐசியை, அடையாள அட்டையை, வலக்கையால் நீட்டு. அவர்களின் கால் சப்பாத்தைப் பார். பெயர் மட்டும் சொல். வீடு, வீட்டு ஆட்கள், கூட்டாளிகள், யார் எங்கே போனார்கள், எதைக் கேட்டாலும் தெரியாது. சிங்களத்தில் கேட்டால் 'தன்னே நே, மாத்தயா.' முற்றத்தில் நான் விளக்குமாற்றைத் துவக்காகப் பிடித்துக்கொண்டு நிற்க, அவன் கிணற்றடியில் இருந்து நடந்து வருவான். ஒரு மாதம் பழக்கினேன். கம்பசுக்குப் போன நான்கு வருடமும் எத்தனையோ சென்றிகளைத் தாண்டி அவன் பத்திரமாக வந்துசேர்ந்தான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

ஒரு மேசை. அந்தப் பக்கம் தெரியாத ஆட்கள். கையில் அவனுடைய ஐசிப் பிரதி. கேள்விகள். அவனுக்கு அதுவும் சென்றிதான். ஆறு மேசைகளிலும் அவன் என் சட்டத்தை ஒரு பிழையும் விடாமல் கடைப்பிடித்திருக்கிறான். அவர்களை நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர்களோ என் பிள்ளையைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள்.

அன்று பின்னேரம் கிடுகை அவிழ்த்தேன். மச்சாள் அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆடு செத்துட்டா?" என்றாள்.

வாசலில் வாகனம் நின்ற விஷயத்தை நேராகவே கேட்டேன். அவள் மறைக்கவில்லை. "ஓம், வந்தவங்கதான். என்ட மகளப் பத்திக் கேட்டாங்க. போகக்குள்ள உன்ட மகனப் பத்தியும் கேட்டாங்க. நல்ல பொடியன் எண்டு சொன்னன். ஒரு மாதிரி எண்டும் சொன்னன். ரெண்டும் உண்மைதானே மச்சாள்." ஆக, நான் நினைத்தது முழுக்கப் பொய்யும் இல்லை. அவள் மீன் தலையை ஒரு கோப்பையில் போட்டு என் பக்கம் தள்ளினாள். எடுத்துக்கொண்டு வந்தேன்.

மகனை இருத்தி, இன்ரவியூவில் கேட்பதற்கெல்லாம் உண்மை சொல்லவேண்டும் என்று விளங்கப்படுத்தினேன். அவன் சுவரைப் பார்த்தபடி கேட்டான்.

"இன்ரவியூ மேசை எது, சென்றி மேசை எது எண்டு எப்படித் தெரியும்?"

"துவக்கு இரிக்கும் மனே."

"பாங்கு வாசல்லயும் துவக்கு இரிக்கி."

"உடுப்பப் பாரு."

"வான்ல வாறவங்க சேட்டுத்தானே போட்டிருக்காங்க."

அவன் சொன்னது சரி. ஒரு ஆள் எந்தப் பக்கம் என்று உடுப்பை வைத்து நானே கண்டுபிடிக்க முடியாத காலத்தில் அவனுக்கு என்ன அடையாளம் சொல்வது? இரண்டு நாள் யோசித்தேன். சென்றியில் யாரையும் இருக்கச் சொல்வதில்லை. இன்ரவியூவில் நிற்கவைத்துக் கேட்பதில்லை. கதிரை கொடுத்தால் பேசலாம். நிற்கவைத்தால் தெரியாது. அவனுக்கு அது பிடித்திருந்தது. எது எந்தப் பக்கம் என்ற விளிம்பு சுத்தமாக இருக்கிறது என்றான். திரும்பவும் முற்றத்தில் பழகினோம். நான் கதிரையைப் போடுவேன், எடுப்பேன். இருந்தால் வீட்டு இலக்கம் வரை சொல்வான். எழுந்தால் வாய் பூட்டிக்கொள்ளும்.

ஏழாவது நேர்முகப் பரீட்சை, வாவித் தண்ணீரை அளக்கும் ஒரு திட்டத்துக்கு. எனக்கு அந்தத் திட்டமே பிடிக்கவில்லை. இரண்டு கரைக்கும் நடுவில் கிடக்கும் தண்ணீரை இந்த நேரத்தில் அளக்க யாருக்கு ஆசை வரும்? யார் கேட்கிறார்கள், யாருக்குக் கொடுப்பார்கள்? ஆனால் அவன் விண்ணப்பத்தைக் கண்டதிலிருந்து வேறெதுவும் பேசவில்லை. பத்து மணிக்கு மேசை. பன்னிரண்டு மணி பஸ்சில் அவன் வரவேண்டும். அரைநாள் லீவு போட்டுவிட்டு பஸ் நிற்கும் இடத்தில் நின்றேன். ஒரு மணி பஸ்சிலும் வரவில்லை. இரண்டு மணி பஸ்சிலும் வரவில்லை. மூன்றரைக்கு இறங்கினான். சேட்டு கசங்கவில்லை. பைல் கையில் இருந்தது.

நடந்துகொண்டே சொன்னான். பாலத்துச் சென்றியில் பைலைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே வாவியின் படம் ஒன்று, அளக்கும் இடங்களுக்குப் புள்ளி வைத்து. இன்ரவியூவில் கொடுத்தனுப்பியது. அவனை இறக்கி உள்ளே கூட்டிப்போயிருக்கிறார்கள். தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி இருந்தாராம்.

"கதிரை தந்தவர்" என்றான்.

நான் அவனை வீதி ஓரத்துக்கு இழுத்தேன். "என்ன சொன்ன?"

"கேட்டதெல்லாம். வீடு. உங்கட ஒபிஸ். அப்பா கத்தார். மாமி வீடு. கம்பசில என்ட அறையில இருந்த ரெண்டு பேர்ர பேர். முதல்ல வெளிய ஏன் தெரியாது எண்டு சொன்ன எண்டு கேட்டவர். நிண்டா தெரியாது, இருந்தா பேசலாம் எண்டு அம்மா சொல்லித் தந்த எண்டு சொன்னன்."

"பிறகு?"

"எழும்பச் சொன்னவர். பேர் என்ன எண்டு கேட்டவர். வீடு எங்க எண்டு கேட்டவர். பேரச் சொன்னன், வீடு தெரியாது எண்டன். இரு எண்டவர். இருந்தன், சொன்னன். மற்றவங்களையும் கூப்பிட்டவர். ஏழு தரம் எழும்பி இருந்தன். எல்லாரும் சிரிச்சாங்க. நான் ஒருக்காலும் பிழை விடல்ல அம்மா. பிறகு தேத்தண்ணி தந்து, இன்ரவியூ வச்ச இடத்துக்கு டெலிபோன் பண்ணிப் படத்தப் பத்தி விசாரிச்சிட்டு, போகச் சொன்னவர்."

அவன் குரலில் வருத்தம் இல்லை. பிழை விடவில்லை என்பதில் ஒரு திருப்திதான் இருந்தது. அந்த ஏழு தரத்தை நான் இன்னும் எண்ணுகிறேன். அவர்கள் சிரித்ததுதான் அவனை வீட்டுக்கு அனுப்பியது என்று சில நாள் நினைப்பேன். சில நாள் அந்தச் சிரிப்பை நினைத்தால் சோறு இறங்காது.

அடுத்த இரண்டு கிழமையும் வீதியால் போன ஒவ்வொரு வாகனத்தின் சத்தத்தையும் தூரத்திலிருந்தே பிரித்துக் கேட்டேன். அந்த இரண்டு பிள்ளைகளின் பெயரையும் சொல்லிவிட்டானே என்று ஆள் வைத்து விசாரித்தேன். ஒருவன் கொழும்பில், ஒருவன் வெளிநாடு. அதைக் கேட்ட அன்றுதான் ஒழுங்காக உறங்கினேன்.

பிறகு நியமனக் கடிதம் வந்தது. பசை பூசிய அந்த உறையைக் கண்டதிலிருந்து கடிதங்களை என் அலுவலக விலாசத்துக்கே வரவைத்திருந்தேன். அதனால் முதலில் கண்டது நான். ஆறு இடத்தில் கிடைக்காத வேலை, சென்றியில் மூன்று மணித்தியாலம் வைத்திருந்த பிறகு கிடைக்கிறது. டெலிபோனில் அவர்கள் என்ன பேசியிருப்பார்கள்? கேட்டதெல்லாம் சொல்லும் ஒரு பிள்ளை, தினமும் இரண்டு கரைக்கும் நடுவில் போய்வருவது, யாருக்குத் தேவை? கடிதத்தை என் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். இரண்டு நாள் வீட்டில் அவன் முகத்தைப் பார்க்காமல் திரிந்தேன். மூன்றாம் நாள் அந்த அலுவலகத்துக்கு நேரே போனேன்.

வாவிக்கரையில் ஒரு வாடகை வீடு. திட்ட அலுவலர் என் வயதுக்காரர், மட்டக்களப்புத் தமிழ்தான் பேசினார். அதுவும் ஒன்றுக்கும் உத்தரவாதம் இல்லை.

"ஆழம் ஆருக்கு அளக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"ஆழம் நாங்க அளக்கிறல்ல அம்மா. அந்தச் சொல்லே எங்கட படிவத்தில இல்ல. உப்பும் சூடும் மட்டும். இறால் ஏன் செத்து மிதக்குது எண்டு பாக்கிறம். ஆழம் அளந்தா ரெண்டு பக்கமும் எங்களத் தூக்கிருவாங்க. எனக்கும் பிள்ளைகள் இரிக்காங்க."

அவரும் யோசித்துப் பயந்து நடக்கிறவர் என்று தெரிந்தபோது கொஞ்சம் மூச்சு வந்தது. அப்போதுதான், யாருக்கும் சொல்லாத அந்தச் சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தேன். என் மகனுக்கு ஒரு விஷயம் இருக்கிறது, நீங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்றேன்.

"ஓட்டிசமா? அவரே சொன்னவர் அம்மா, இன்ரவியூவில. முகம் பாத்துக் கதைக்க ஏலாதாம். சத்தத்துக்குக் காதப் பொத்துவாராம். அளந்தா பிழை வராதாம். எங்களுக்கு அந்தக் கடைசிதான் வேணும்."

நான் கொண்டுபோன மற்றப் பேச்செல்லாம் மறந்துவிட்டது. ஒன்று மட்டும் கேட்டேன். எந்தச் சென்றியிலும் அவனைத் தனியே விடக்கூடாது, படகுக்காரர்தான் பேசவேண்டும், அவனை உள்ளே கூப்பிட்டால் உடனே உங்களுக்குச் சொல்லவேண்டும். அவர் அதை ஒரு கொப்பியில் எழுதினார். எழுதுகிறாரே என்ற பயமும் எனக்கு இருந்தது.

வீட்டுக்கு வந்து கடிதத்தைக் கொடுத்தேன். அவன் தபால் முத்திரையைப் பார்த்தான். மூன்று நாள் பிந்தியிருக்கிறது என்றான். நான் வைத்திருந்தேன் என்றேன். சரி என்றான். அந்தச் சொல் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அலுமாரியில உங்கட நீலச் சேலைக்குக் கீழ கிடந்த. மூண்டு வருசத்துக்கு முதல் வாசிச்சன்."

"ஏன் மனே எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லையே. டொக்டர் நல்லா எழுதியிருக்கார். நான் ஏன் இப்படி எண்டு விளங்கின."

நான் மூன்று வருடம் பூட்டிவைத்ததாக நினைத்துக்கொண்டிருந்த கடதாசி அது.

முதலாம் திகதி வேலை தொடங்கினான். காலை ஆறு மணிக்குத் துறையடியில் படகு. அவன் பஸ்சில் போக, அடுத்த பஸ்சில் நானும் போய், கரையோரக் கண்ணாப் பற்றை மறைவில் நின்று படகு புறப்படும்வரை பார்த்தேன். படகுக்காரர் யாரோடு பேசுகிறார், என்ன சாமான் ஏற்றுகிறார், எல்லாம் பார்த்தேன். அவனுக்குச் சொல்லவில்லை. நான்கு நாள் அப்படிப் போனது. ஐந்தாம் நாள் துறையடிச் சென்றியில் நின்ற பையன் என்னைக் கூப்பிட்டான்.

"அம்மா, ஒவ்வொரு நாளும் படகு பாக்கிறது ஏன்?"

"மகன்" என்றேன். எந்த மகன் என்று கேட்டான். காட்டினேன். என் ஐசியை வாங்கி இலக்கத்தைக் கொப்பியில் பதிந்தான். படகை மறித்தான். படகுக்காரரையும் மகனையும் இறக்கினார்கள். சாமான்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். மகன் சப்பாத்துகளைப் பார்த்தபடி வலக்கையால் ஐசியை நீட்டிக்கொண்டு நின்றான். படகுக்காரர்தான் பேசினார். திட்ட அலுவலர் அன்று கொப்பியில் எழுதிக்கொண்டபடியே அவர் பேசினார். இருபது நிமிடத்தில் விட்டார்கள். மகன் என் பக்கம் திரும்பவே இல்லை.

பின்னேரம் வந்து, கை கழுவிவிட்டுச் சொன்னான்.

"அம்மா, நாளைக்கு வரவேணாம். நீங்க நாலு நாளும் வந்தது எனக்குத் தெரியும். இண்டைக்கு உங்களால படகு பிந்தினது. முதல் இடத்தில ஆறரைக்கு அளக்க வேணும். பிந்தினா வெயில் ஏறித் தண்ணி சூடாயிரும். இண்டையான் இலக்கம் பிழை. நான் படிவத்தில பிழை எண்டு எழுதினன்."

"காரணம் என்ன எண்டு எழுதின?"

"அம்மா எண்டு."

அடுத்த நாள் நான் போகவில்லை. பஸ் போகும் சத்தம் கேட்டது. மணிக்கூட்டைப் பார்த்தபடி அடுப்படியில் அரிசி களைந்தேன். மச்சாள் மீன் சட்டியோடு வந்து நின்றது தெரியவில்லை.

"என்னகா, அரிசியக் கரைச்சுக் குடிக்கப் போறியா? எத்தன தரம் கழுவுற?"

"மணி என்ன மச்சாள்?"

"ஏழுக்கு அஞ்சு."

"அப்ப ரெண்டாவது இடத்துக்குப் போயிருப்பான்" என்றேன். பானையில் தண்ணீர் வைத்தேன்.